மௌலூது மெட்டில் ஓர் அயர்லாந்துப் பாட்டு

என் தம்பிக்கு அயர்லாந்துப் பாட்டு என்றால் உயிர். கலகம் செய்து சிறைக்குப் போனவர்களைப் பற்றிய பழைய பாட்டுகள். பர்மாவில், லான்மடா பேட்டையில் எங்கள் கைலிக் கடையின் மேல்மாடியில் ஆங்கில வகுப்பு நடத்தினான். பாதி நேரம் கிதாரும் கையுமாக அந்தப் பாட்டுகளைத்தான் பாடிக்கொண்டிருப்பான். "அவங்களை அடைச்சு வெச்ச கல்லுச் சிறைக்கு இப்ப சனங்க டிக்கெட் வாங்கிக்கிட்டு சுத்திப் பாக்கப் போறாங்க, ராத்தா" என்று அக்கா என்னிடம் சொல்வான். எனக்குக் கடை வேலை தலைக்கு மேல் கிடந்தது. காதில் வாங்கியதில்லை.

எதிர்ப்பு ஊர்வலத்தில் பாடியதற்காக அவனையே பிடித்து உள்ளே போட்டார்கள். மாதம் ஒருமுறை பார்க்கலாம். இரட்டைக் கம்பிவலை, பக்கத்திலேயே காவலர். பர்மா பாஷையில்தான் பேச வேண்டும், தமிழ் கூடாது. நாங்கள் சண்டை போட்டதும் சமாதானமானதும் தமிழில்தான். வேறு பாஷையில் நலம் விசாரிப்பதோடு பேச்சு தீர்ந்துவிடும். போன மாதம் அவனுக்குப் பிடித்த இறால் பலாச்சாங் பொரித்துக் கொண்டுபோனேன். அதைக்கூட ஏறிட்டுப் பார்க்கவில்லை. "அடுத்த மாசம் வராதீங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போனான். பிள்ளை மனம் உடைந்துவிட்டான் என்று பயந்து, பஸ்ஸில் வழி நெடுக அழுதேன்.

அவன் சொன்னால் கேட்கிறவளா நான்? அவன் பாடும் பாட்டு ஒன்றைப் போனில் தேடிப் பிடித்து, துணி மடிக்கும்போதெல்லாம் முனகிப் பழகினேன். முனகலுக்குப் பாஷை ஏது? இந்த மாதம் சிறை வாசல் வரிசையில் நிற்கும்போது அவன் சொன்ன டிக்கெட் கதை நினைவுக்கு வந்தது. கொஞ்சம் தைரியமாக இருந்தது.

அவன் தலை குனிந்தபடியே வந்து உட்கார்ந்தான். நான் முனக ஆரம்பித்தேன். முதல் வரி ஒழுங்காக வந்தது. பிறகு எங்கே வழுக்கியதோ, வருஷா வருஷம் வீட்டில் பெண்கள் கூடி நபியைப் புகழ்ந்து ஓதும் மௌலூது மெட்டுக்குள் போய் விழுந்தேன். ஐம்பது வயதுத் தொண்டைக்குத் தெரிந்தது அதுதான். காவலர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

தம்பி நிமிர்ந்தான். நெற்றியில் அடித்துக்கொண்டான். அப்புறம் தோள் குலுங்கச் சிரித்தான். முன்னாலிருந்த பலகையில் விரலால் தாளம் தட்டி, இரண்டாவது வரியைத் தானே முனகிக் காட்டினான். காவலர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குச் சந்தோஷத்தில் மூக்கு ஒழுகியது.

நேரம் முடிந்து எழுந்தவன் திரும்பி நின்று, பர்மா பாஷையில் கண்டிப்பாகச் சொன்னான்: "ரெண்டாவது வரி மேலே ஏறணும். அடுத்த மாசம் வரும்போது சரியாப் பாடணும்."

பிறகு தமிழில் ஒரே ஒரு சொல், "ராத்தா."