ஊசியக்காவின் செவ்வாயும் வெள்ளியும்

தீயணைப்பு நிலையத்தில் எல்லோரும் அவளை ஊசியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். கிழிந்த கோட்டுகளைத் தைப்பது, பித்தான் வைப்பது, தலைக்கவசத்துக்கு வார் மாற்றுவது, இவைதான் அவள் வேலை. சம்பளம் கிடையாது. தீப்பிடித்த இடத்துக்கு யாரும் கூட்டிப்போகவும் மாட்டார்கள். இப்படி ஊர்க்காரர்கள் ஏழெட்டுப் பேர் வந்து கைவேலை செய்துவிட்டுப் போனார்கள். மற்றவர்களுக்குச் சேவை மனப்பான்மை. அவளுக்கோ, உண்மையைச் சொல்ல என்ன வெட்கம், வீட்டைவிட்டு வெளியே வர வேறு வழியில்லை.

வீட்டில் கணவர் கட்டிலோடு கிடந்தார். லாரி ஓட்டியவர்; இடுப்புக்குக் கீழே அசைவு போய் நான்கு வருஷம். தண்ணீர் வேண்டுமென்றாலும், புரண்டு படுக்க வேண்டுமென்றாலும் கட்டில் கம்பியில் கரண்டியால் தட்டுவார். இரண்டு அறைகளில் எங்கே நின்றாலும் அது கேட்கும். தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ளும்போதுகூடக் கேட்கும். செவ்வாயும் வெள்ளியும் மூன்று மணியிலிருந்து ஐந்துவரை அவருடைய தங்கை வந்து உட்காருவாள். அதற்கும் ஒரு நிபந்தனை போட்டிருந்தாள்.

"சேவைன்னா வரேன் அண்ணி. கடைகண்ணின்னு சுத்தப் போறீங்கன்னா என்னைக் கூப்பிடாதீங்க."

மகராசி! நாலு கடையை வேடிக்கை பார்ப்பது அவ்வளவு பெரிய குற்றம்.

ஒரு செவ்வாய்க்கிழமை தைக்க ஒன்றும் இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களோ என்று பயந்து, வெளியே காய்ந்துகொண்டிருந்த, தீயணைக்கத் தண்ணீர் அடிக்கும் ஹோஸ்களைச் சுருட்டி வைக்கப் போனாள். யாரும் சொல்லவில்லை, அவளாகப் போனாள். ஒன்றின் நுனியில் மட்டும் முடிச்சு விழுந்திருந்தது. 'ஆம்பளைங்க வேலைன்னா இப்படித்தான்' என்று முணுமுணுத்துக்கொண்டே நகம் நோக அவிழ்த்தாள். பதினான்கையும் ஒரே அளவாகச் சுருட்டி அலமாரியில் அடுக்கினாள். கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம், அவ்வளவு அழகு.

வெள்ளிக்கிழமை வண்டி ஓட்டுநர் அந்த அலமாரி முன் நின்று தலையைச் சொறிந்துகொண்டிருந்தார்.

"அக்கா, இதுல ஒரு ஹோஸ் ஓட்டை. யாரும் தப்பித்தவறி எடுத்துரக் கூடாதுன்னு முடிச்சுப் போட்டு வச்சேன். காணோமே. நீங்க பார்த்தீங்களா?"

"தெரியலையே தம்பி."

"ரிப்பேருக்குக் கொண்டு போயிருப்பாங்க" என்று தானே பதிலும் சொல்லிக்கொண்டு, மேலே இருந்த நான்கைத் தூக்கி வண்டியில் ஏற்றினார்.

அவள் தையல் மேசைக்கு வந்தாள். ஊசியில் நூல் நுழைய மறுத்தது. சொன்னால் இனிச் செவ்வாயும் இல்லை, வெள்ளியும் இல்லை. நிலையத்து ஆபீசர் கறாரானவர், அவளைப்போலவே சேவைக்கு வந்து வண்டிச் சாவியை இடம் மாற்றி வைத்துவிட்ட ஓய்வுபெற்ற தபால்காரரை அன்றைக்கே கும்பிடு போட்டு அனுப்பியவர். சொல்லாவிட்டால், எவர் வீடோ எரியும்போது தண்ணீர் பாதி வழியிலேயே கொட்டிப்போகும். இருதலைக்கொள்ளி எறும்பு என்று சும்மாவா சொன்னார்கள். பதினான்கில் ஒன்றுதானே ஓட்டை, வண்டியில் ஏறியது நான்குதானே என்று கணக்குப் போட்டுப் பார்த்தாள். அப்படிக் கணக்குப் போட்டதை நினைத்து அவளுக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது.

நாலரை மணிக்கு ஆபீசர் அறைக்குப் போய், நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

ஒவ்வொரு ஹோஸாகத் தண்ணீர் ஏற்றிப் பார்த்தார்கள். ஓட்டை ஹோஸ் வண்டியில்தான் இருந்தது. பீய்ச்சியடித்த தண்ணீரில் ஓட்டுநர் தொப்பலாக நனைந்தார். யாரும் சிரிக்கவில்லை.

"முடிச்சைப் பத்திச் சொல்லித் தராதது எங்க தப்பும்மா" என்றார் ஆபீசர். "ஆனா அவர் கேட்டப்போ தெரியலைன்னு சொன்னீங்க பாருங்க, அதை என்னால விட முடியாது. இனிமே நீங்க வர வேண்டாம்."

வீட்டில் அவள் மூச்சு விடவில்லை. அடுத்த செவ்வாய் மூன்று மணிக்கு நாத்தனார் வந்ததும் வழக்கம்போலக் கிளம்பினாள். நிலையத்துக்கு எதிர்த் திசையில் நடந்து, பேருந்து நிறுத்தத்தில் போய் உட்கார்ந்தாள். பஸ்கள் நின்று நின்று போயின. ஏறலாம்தான். ஏறி எங்கே போவது? ஐந்துக்குள் திரும்ப வேண்டும். எதிரே கடைத்தெரு. தெரிந்தவர் யாராவது பார்த்து நாத்தனாரிடம் போட்டுக்கொடுத்துவிட்டால் என்ற பயத்தில் அந்தப் பக்கம் தலைகூடத் திருப்பவில்லை. இரண்டு மணி நேரம் இப்படியே போயிற்று.

ஐந்து மணிக்கு நாத்தனார் போனபின், கணவர் இத்தனை நாளில் கேட்காத ஒன்றைக் கேட்டார்.

"இன்னிக்கு அங்க என்ன வேலை?"

"கோட்டு ரெண்டு தைச்சேங்க."

"ரெண்டு பேருமே இந்தக் கூரையைப் பார்த்துக்கிட்டுக் கிடந்தா பைத்தியம் பிடிச்சிரும். நீயாவது போயிட்டு வா. வந்து எனக்குச் சொல்லு. என்ன ஆனாலும் அதை மட்டும் விட்டுராதே."

"விட மாட்டேங்க."

"பெரிய தீ ஏதாச்சும் வந்துச்சா?"

அவர் முகத்தில் அப்படியொரு ஆசையை அவள் பார்த்து நான்கு வருஷம் ஆகியிருந்தது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, எங்கேயும் எரியாத ஒரு தீயைப் பற்றி அவருக்குச் சொல்லத் தொடங்கினாள்.