மெயின் ரோடு

மட்டாஞ்சேரியில் நான் வேலை பார்த்த பார்சல் ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்த புதிது. முகவரி அச்சடிக்கும் புரோகிராம் நான் எழுதியது. தெருப் பெயர் இல்லாவிட்டால் அடிக்காது. வளைகுடா முகவரிகளிலோ தபால் பெட்டி எண் மட்டுமே இருக்கும். தெருவுக்கு நானே ‘மெயின் ரோடு’ என்று போட்டுவிடுவேன்.

தோப்பும்படியில் மீன் விற்கும் தமிழ் அம்மாள் ஒருவர், முந்தானையில் கையைத் துடைத்துவிட்டுத்தான் துபாய் மகனுக்கான பார்சலைத் தொடுவார். லேபிளை வாசிக்கச் சொல்லிக் கேட்பார்.

“மெயின் ரோட்டுலயா இருக்கான், சாரே? அப்ப ராத்திரி வெளிச்சம் உண்டு.”

தலையாட்டினேன். மனசு உறுத்தியதால், தெரு இல்லாமலும் அச்சடிக்கும்படி புரோகிராமைத் திருத்தினேன்.

அடுத்த முறை லேபிளை வாசித்ததும் அம்மாளின் முகம் வாடிவிட்டது. “அங்கிருந்து மாறிட்டானா, சாரே?”

“இல்லம்மா” என்று சொல்லி, ‘மெயின் ரோடு’ என்று பேனாவால் எழுதிச் சேர்த்தேன். முதல் பொய்க்காவது கம்ப்யூட்டரைக் குற்றம் சொல்லலாம்.