அம்மாவைத்தான் எடுத்துக்கொண்டார்கள்

எங்கள் வீட்டிலிருந்து பாலே நடனப் பயிற்சிக்குத் தேர்வானவள் என் அம்மா. விண்ணப்பித்தது நான். படம் எடுத்து அனுப்பியது என்னுடையதை. புதுச்சேரிக்குப் போய் ஒரு வெள்ளைக்கார அம்மாளுக்கு முன்னால் ஒற்றைக்காலில் நின்று விழுந்து வாரியதும் நான்தான். ஆனால் எடுத்துக்கொண்டது அம்மாவை. நாலாம் வகுப்பின் கடைசியிலிருந்து ஏறக்குறைய ஒரு வருஷம் இதை நான் உறுதியாக நம்பிக்கொண்டிருந்தேன். இன்றைக்கு என் உடம்பைப் பார்க்கிறவர்களிடம், நான் ஒரு காலத்தில் பாலேவுக்கு மனுப்போட்டவள் என்று சொன்னால், மரியாதை கருதிச் சிரிப்பை அடக்கிக்கொள்கிறார்கள். அந்தச் சிரமத்தை அவர்களுக்குக் கொடுப்பதில் எனக்கொரு அற்ப சந்தோஷம் உண்டு.

அப்போது விழுப்புரம் ரயில்வே குடியிருப்பில் இருந்தோம். அப்பாவுக்கு ஜங்ஷனில் பார்சல் ஆபீஸ் வேலை. அம்மா வீட்டிலேயே மிஷின் போட்டு அக்கம்பக்கத்துக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுப்பாள். பாலே என்ற சமாச்சாரம் இந்த வீட்டுக்குள் வந்தது கணக்கு நோட்டின் அட்டையாக. ருஷ்யாவிலிருந்து வரும் வழவழப்பான பத்திரிகைகள் அன்று பழைய பேப்பர் கடையில் எடைக்குக் கிடைக்கும். பள்ளிப் பிள்ளைகள் பாதிப்பேருக்கு நோட்டு அட்டை அதுதான். என் தோழிகளுக்கு டிராக்டரும் அணைக்கட்டும் வாய்த்தன. எனக்கு வாய்த்தவள், வெள்ளைப் பாவாடை தாமரை இலை போல விரிந்து நிற்க, கட்டைவிரல் நுனியில் நின்றுகொண்டிருந்த ஒரு பெண். முடியை மண்டையோடு ஒட்ட வாரி, எலும்பும் தோலுமாக இருந்தாள். வகுத்தல் கணக்கு எனக்கு இன்றுவரை வராததற்கு அவளே பொறுப்பு.

நானும் நுனிக்காலில் நடக்க ஆரம்பித்தேன். குழாயடிக்கு, கடைக்கு, மாதா கோயிலில் நன்மை அப்பம் வாங்கப் போகும்போதுகூட. பக்கத்து வீட்டு அம்மாள், பிள்ளைக்குக் காத்து சேஷ்டை ஏதோ இருக்கிறது, ஒரு அமாவாசைக்கு மேல்மலையனூர் அழைத்துப் போய் வந்தால் சரியாகும் என்றார். நாங்கள் கிறிஸ்தவர்கள் என்பது அவருக்குப் பெரிய தடையாகத் தெரியவில்லை. எங்கள் பள்ளி சிஸ்டர்தான் வேறு வைத்தியம் சொன்னார். புதுச்சேரியில் ஒரு பிரெஞ்சுக்கார அம்மாள் பாலே சொல்லித்தருகிறாராம். வருஷத்துக்குச் சில பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, தங்க வைத்து, படிப்பும் கொடுத்து, நடனமும் சொல்லித்தருகிறாராம். மனுப்போட்டுப் பாருங்களேன் என்றார்.

அப்பா கேட்ட ஒரே கேள்வி, இன்னாத்துக்கு என்பது. அவரை எதற்கும் எதிர்த்துப் பேசாத அம்மா இந்த விஷயத்தில் மட்டும் பிடித்த பிடியை விடவில்லை. பிள்ளை ஆடுவாள் என்றோ, திறமை இருக்கிறது என்றோ அவள் வாதாடவில்லை. "தங்க வெச்சே பாத்துக்குவாங்களாங்க. சாப்பாடு, படிப்பு எல்லாம் அவுங்களே" என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். என்னைத் தள்ளிவிடுவதில் இவளுக்கு என்ன இவ்வளவு அவசரம் என்று எனக்குச் சுருக்கென்றது. ஆனால் வெள்ளைப் பாவாடை கிடைக்கும் என்பதால் பொறுத்துக்கொண்டேன்.

மனுவோடு படங்கள் கேட்டிருந்தார்கள். நேராக நின்று ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, ஒரு காலைப் பின்னால் உயர்த்தி ஒன்று. அம்மாவின் தம்பியான மாமாவுக்குத் திண்டிவனத்தில் போட்டோ ஸ்டுடியோ இருந்தது. கல்யாணப் பெண்ணைப் பூ ஸ்டாண்டின் மேல் கை வைத்து நிற்கச் சொல்லியே பழகிய கலைஞர். என்னையும் பூ ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னார். பின்னால் திரையில் அன்னப்பறவைகளும் அருவியும். தூக்கிய கால் நிற்கவில்லை. மாமா கறுப்புத் துணிக்குள் தலையை விடுவதும், கால் இறங்குவதும், மாமா வெளியே வந்து தலையில் அடித்துக்கொள்வதுமாக ஒரு மத்தியானம் போனது. கடைசியில், அம்மா திரைக்குப் பின்னால் உட்கார்ந்து, திரை ஓரமாகக் கையை நீட்டி என் காலைத் தாங்குவது என்று முடிவாயிற்று.

"ரெண்டு கையாலயும் புடியேங்க்கா. ஆடிக்கினே கீது பாரு."

"ஒரு கைதான்டா எட்டுது. நீ எடு ஜல்தியா."

மாமா எடுத்தார். படம் அருமையாக வந்தது, என் கணுக்காலில் நாலு விரல்கள் முளைத்திருந்ததைத் தவிர. வேறு பிலிம் இல்லை. வெள்ளைக்காரர்கள் இதையெல்லாம் கவனிக்க மாட்டார்கள் என்று மாமா சொல்லிவிட்டார்.

கூப்பிட்டுக் கடிதம் வந்தது. உடம்போடு ஒட்டிய உடை அணிந்து வர வேண்டும் என்று எழுதியிருந்தார்களாம். பெண்பிள்ளையை அப்படிச் சபையில் நிறுத்த அம்மாவுக்கு மனம் வரவில்லை. முதன்முதலாக நன்மை வாங்கியபோது போட்ட என் புதுநன்மை கவுன் பெட்டியில் இருந்தது. வெள்ளை சாட்டின், கழுத்தில் லேஸ், கணுக்கால்வரை நீளம். அம்மா அதைப் பிரித்து இடுப்பில் இரண்டு அங்குலம் விட்டுத் தைத்தாள். தலைக்கு முக்காடு மட்டும் வேண்டாம் என்று விட்டதற்கு நான் இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

புதுச்சேரியில் அது ஒரு பழைய வீட்டின் மாடி. பலகைத் தரை, சுவர் நிறையக் கண்ணாடி, அதன் எதிரே இடுப்புயரத்தில் நீளமாக ஒரு கட்டை. தேர்வுக்கு வந்த ஏழெட்டுப் பெண்பிள்ளைகள் கறுப்பு உடையில், அட்டைக்கரி எறும்புகள் மாதிரி வரிசையாக நின்றிருந்தார்கள். நடுவில் கிறிஸ்துமஸ் குடிலிலிருந்து தவறிப் போன, சிறகு தொலைத்த சம்மனசு போல நான். வெள்ளைக்கார அம்மாள் வயதானவர், நெட்டையானவர். தன் சமையற்காரியிடம் தமிழ் கற்றிருந்தார் போலிருக்கிறது. அவருக்கு 'நீங்கள்' என்று ஒரு சொல் இருப்பதே தெரியாது. என் கவுனைத் தூக்கி முழங்காலில் செருகிவிட்டு, பாதத்தை வளைத்துப் பார்த்தார். நல்ல கால் என்றார். குதிக்கச் சொன்னார், குதித்தேன். ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னார், நின்றேன். பூ ஸ்டாண்டும் அம்மாவும் இல்லாததால் விழுந்தேன்.

பிறகுதான் அந்த வழக்கம் தெரிந்தது. பிள்ளையைப் பார்த்தபின் தாயையும் பார்ப்பார்களாம். இப்போது கொடி போல இருக்கிற பெண் பன்னிரண்டு வயதில் எப்படித் திரளுவாள் என்பதை அம்மாவின் கழுத்தும் முதுகும் கையும் சொல்லிவிடும் என்பது அவர்கள் தொழில் கணக்கு. சந்தையில் கன்றுக்கு விலை பேசும் முன் தாய்ப்பசுவை ஒரு சுற்றுச் சுற்றி வருவோமே, அது மாதிரிதான். அம்மாக்கள் எல்லாரும் கூச்சத்தில் நெளிந்துகொண்டு வரிசையில் நின்றார்கள்.

வெள்ளைக்கார அம்மாள் கையில் எங்கள் திண்டிவனத்துப் படம் இருந்தது. "இது யார் விரல்?" என்றார். அம்மா தலை குனிந்து, என்துங்க என்றாள். அவர் வாய்விட்டுச் சிரித்தார். அம்மாவின் கழுத்தைத் தொட்டு, நீளம், நல்லது என்றார். எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. இந்தக் கழுத்தை வைத்தே உள்ளே போய்விடலாம்.

"கை தூக்கு. ரெண்டும்."

அம்மாவின் வலது கை மேலே போயிற்று. இடது கை தோள்வரை வந்து நின்றுவிட்டது. இன்னும் என்றார் அவர். அம்மா முயன்றாள். முகம்தான் மாறியது, கை போகவில்லை. மற்ற அம்மாக்களின் கைகளெல்லாம் மேலே இருக்க, அவள் மட்டும் ஆட்டோவை நிறுத்துகிறவள் மாதிரி நின்றாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒரு கையை ஒழுங்காகத் தூக்கக்கூடாதா? எனக்காக இதைக்கூடச் செய்ய மாட்டாளா?

வெள்ளைக்கார அம்மாள் சிரிப்பதை நிறுத்தினார். அம்மாவின் முழங்கையைப் பிடித்து உள்ளறைக்கு அழைத்துப் போனார். கதவு சாத்தப்பட்டது. நாங்கள் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றோம். வெகுநேரம் கழித்துத் திறந்தபோது அம்மா சேலைத் தலைப்பைச் சரிசெய்து ஊக்கு குத்திக்கொண்டிருந்தாள். அந்த அம்மாளின் முகம் சிவந்திருந்தது. வாசல்வரை வந்து, அம்மாவின் தோளில் கை வைத்து, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"செவ்வாய்க்கிழமை நீ வா. நான் கூட வருவேன். வராமல் இருக்காதே, தெரியுதா?"

என் தலையை மட்டும் தடவினார்.

திரும்பும் பஸ்ஸில் அம்மா மல்லாட்டை வாங்கித் தந்தாள். எனக்குக் கடலை உரித்துத் தின்னப் பிடிக்கவில்லை. கண்டமங்கலம் தாண்டியதும் கேட்டேவிட்டேன், என்னை எடுத்துக்கொண்டார்களா இல்லையா என்று. அம்மா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒன்ன எடுக்கல பாப்பா" என்றாள். ஒன்றை உரித்து என் கையில் வைத்து, "என்னத்தான் எடுத்துக்கினாங்க" என்று சொல்லிச் சிரித்தாள்.

நான் சிரிக்கவில்லை. செவ்வாய்க்கிழமை வா என்று சொன்னதை என் காதால் கேட்டிருந்தேனே.

அடுத்த வாரமே திண்டிவனத்திலிருந்து மாமா ஸ்டுடியோவைப் பூட்டிக்கொண்டு வந்தார். அவரிடம் முறையிட்டேன். அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா கண்ணால் ஏதோ சொன்னாள். மாமா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "ஆமா பாப்பா, உங்கம்மா சின்ன வயசுலயே நல்லா ஆடுவா" என்றார். கல்யாணப் பெண்களை அழகாக்கியே பழகியவருக்குப் பொய் சரளமாக வந்தது. ஆனால் அதற்கப்புறம் அவர் என் முகத்தைப் பார்க்காமல் மிஷினின் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

அம்மா புதுச்சேரிக்குப் போய்ச் சில வாரம் தங்கினாள். நான் மாமா வீட்டில் இருந்தேன். எனக்குத் தருவதாகச் சொன்ன அதே வசதி, தங்கலும் சாப்பாடும், அவளுக்குக் கிடைத்துவிட்டது என்று பொருமினேன். திரும்பி வந்தபின்னும் அப்பா அவளை அடிக்கடி பஸ் ஏற்றி அழைத்துப் போனார். டான்ஸ் இன்னாத்துக்கு என்று கேட்ட அதே அப்பா. அம்மா மெலிந்துகொண்டே போனாள். தலையில் இறுக்கமாகத் துணி கட்டிக்கொண்டாள், அதற்குள் முடி இருக்கும் தடமே இல்லை. நான் கணக்கு நோட்டின் அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒட்டிய தலை, எலும்பான கழுத்து, வெளுத்த முகம். எல்லாம் பொருந்தியது. பயிற்சி நன்றாகவே நடக்கிறது.

சந்தேகத்துக்கு இடமே வைக்காதது அந்தச் சுவர்தான். தினமும் காலையில் அம்மா கூடத்துச் சுவரை ஒட்டி நிற்பாள். இடது கையின் விரல்களைச் சுண்ணாம்பின் மேல் நண்டு மாதிரி மெதுமெதுவாக மேலே நடத்துவாள். பல்லைக் கடித்துக்கொள்வாள். எட்டிய இடத்தில் அப்பா பென்சிலால் ஒரு கோடு போடுவார். எனக்குப் புரிந்துவிட்டது, இதுதான் அங்கே சொல்லித்தருகிற முதல் பாடம். அவள் சமையலறைக்குப் போனதும் நானும் சுவரில் விரலை நடத்தினேன். நுனிக்காலில் நின்று, எட்டி, என் கோட்டைப் போட்டேன். அவளுடையதற்கு வெகு கீழே இருந்தது. விடுவதில்லை என்று முடிவு செய்தேன். நான் ஏற ஏற அவளும் ஏறினாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு போட்டி நடந்தது, அவளுக்குத் தெரியாமல் என்று நினைத்தேன். ஆனால் ஒருநாள் அவள் என் கோட்டைக் காட்டி, "பரவால்லியே, தொரத்திக்கினே வர்றியே" என்றாள்.

அவள் இடது மார்பில் கட்டி இருந்ததும், ரயில்வே ஆஸ்பத்திரியில் ஆண் டாக்டர் என்பதால் அதை அப்பாவிடம்கூடச் சொல்லாமல் மாதக்கணக்கில் ஜாக்கெட்டுக்குள் ஒளித்து வைத்திருந்ததும், அந்த வெள்ளைக்கார அம்மாள்தான் அதை முதலில் பார்த்த மனுஷி என்பதும், தானே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் அறுவைக்குக் கூட நின்றார் என்பதும், சுவரில் விரல் நடத்துவது அறுத்த பக்கத்துக் கை விறைத்துப் போகாமலிருக்க டாக்டர் சொன்னது என்பதும் நான் வளர்ந்த பிறகு மாமா விவரமாகச் சொல்லித்தான் எனக்குத் தெரியும். என்னை எங்காவது தங்கவைத்துச் சோறு போட்டுப் படிக்கவைக்கிற இடமாகப் பார்த்து அவள் ஏன் மனுப்போட்டாள் என்பதை யாரும் சொல்லவில்லை. அதை நானாகப் புரிந்துகொண்டேன். இரண்டாவதாக வந்த புரிதல்தான் தாங்க முடியாததாக இருந்தது.

ஐந்தாம் வகுப்பு முழுப்பரீட்சை சமயத்தில் அம்மாவின் கோடுகள் கீழே இறங்கத் தொடங்கின. ஒவ்வொன்றும் முந்தியதைவிடக் கொஞ்சம் தாழ. ஒருநாள் காலையில் என் விரல் அவளுடைய உச்சிக்கோட்டையே தாண்டிவிட்டது. நான் கத்திக் கூப்பிட்டேன். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டே வந்து பார்த்தாள். அப்பாவை அழைத்து, "பாருங்க, இவ என்னத் தாண்டிட்டா" என்று காட்டினாள். அப்பா பென்சிலை என் கையில் கொடுத்துவிட்டுப் பின்பக்கம் போய்க் குழாயைத் திறந்துவிட்டார். வாளி நிரம்பி வழிகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் ஜெயித்தது அவருக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்தேன்.

அன்றைக்கு அம்மா மறுபடி விரலை வைத்தாள். அது தோள் உயரத்திலேயே நின்றது. கோடு போடு என்றாள். எனக்குக் கோபம் வந்தது.

"ஏமாத்தாதம்மா. ஒழுங்கா ஏத்து."

"இவ்ளோதான் வருது பாப்பா" என்றாள்.

நான் கோடு போட மறுத்துவிட்டேன். எப்போதும் தாயம் ஆடும்போது என்னிடம் தோற்றுப் போவாளே, அதே போல வேண்டுமென்றே விட்டுக்கொடுக்கிறாள் என்று எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.