தாராவியிலிருந்து ஒரு போன்கூட இல்லை

மும்பையின் சின்னச் சின்னப் பட்டறைகள் எங்கள் கம்பெனி ஆப்பில்தான் ஆர்டர் எடுக்கின்றன. சர்வர் படுத்த பிறகு தலைதெறிக்க ஓடுவதே எங்கள் பிழைப்பாக இருந்தது. படுக்கப்போவதை முன்கூட்டியே சொல்லும் ஒரு ஏஐ மாடலை நான் உருவாக்கினேன். எது வழக்கம், எது கோளாறு என்பதைப் பழைய பதிவுகளிலிருந்து அதுவே கற்றுக்கொண்டது. கற்றுக்கொண்ட லட்சணம் ஆயுத பூஜையன்று தெரிந்தது.

அன்று தாராவியில் எங்கள் தமிழ் ஆட்கள் யாரும் மெஷினைத் தொடமாட்டார்கள். ஆப் புதுசு, அது ஒரு ஆயுத பூஜையைக்கூடப் பார்த்ததில்லை. அங்கே ஆர்டர் நின்றதும், சர்வர் போச்சு என்று மாடல் எல்லார் போனிலும் அலறியது. நான் தாராவியில் எங்கள் வீட்டுப் பட்டறைத் தையல் மெஷினுக்குக் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தேன். அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

வசதியான மாட்டுங்காத் தமிழரான மேனேஜர் சிரிக்கவில்லை. "இன்னொரு தடவை பொய்யா கத்தினா இந்த மாடலையே நிறுத்திடுவேம்மா" என்றார். எந்தெந்தப் பண்டிகைக்கு யார் யார் மெஷினை நிறுத்துவார்கள் என்று உட்கார்ந்து மாடலுக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

தீபாவளிக்கு முந்தின வாரம், ஒரு மத்தியானம், மாடல் மறுபடி கத்தியது. ஆப்போ ஒரு குறையுமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னிக்கு என்ன பூஜை?" என்றார் மேனேஜர்.

"பூஜை இல்ல சார். ஆர்டர் குறையறப்பக்கூட சர்வர்ல மெமரி ஏறிட்டே இருக்கு, நிரம்பினா படுத்துடும். வேற சர்வருக்கு மாத்திடலாம்."

"சீசன்ல அதெல்லாம் முடியாது. வேணும்னா உங்க தாராவியை மட்டும் மாத்திக்கோ."

அந்த 'உங்க' சுருக்கென்று குத்தியது. மாற்றினேன். பழைய சர்வரின் மெமரி ஏறுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த எச்சரிக்கையும் பொய்யாகப் போனால் மாடலோடு என் மானமும் போகும்.

முலுண்டிலிருந்து முதல் போன் வந்தது. அடுத்து கோவண்டி, சயான். பழைய சர்வர் படுத்தேவிட்டது. தாராவியிலிருந்து மட்டும் ஒரு போன்கூட இல்லை.

மேனேஜரால் நம்ப முடியவில்லை. தாராவியில் பை தைக்கும் ஒருவருக்கு அவரே போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, ஆப் ஓடுகிறதா என்று கேட்டார்.

"நல்லாத்தான ஓடுது சார். ஏன், நிப்பாட்டணுமா?"

ஆபீஸே சிரித்தது. எல்லாரையும்விட உரக்கச் சிரித்தவள் நான்தான். "மிச்சத்தையும் மாத்தும்மா, சீக்கிரம்" என்றார் மேனேஜர். மாடலை நிறுத்தும் பேச்சு அன்றோடு நின்றது.