சபுவான் வீட்டுக் கறுப்புத் தொண்டை

காப்பித் தோட்டத்தில் பழம் பறிக்கும் மிஸ்னாத்தி, சந்தையில் வாங்கிய மிளகாயைக்கூட வீட்டில் கொட்டி மறுபடி எடை போடுகிறவள். பன்யுவாங்கி மலைச்சரிவில் இருந்த அவள் கிராமம் பறவை பிடிக்கத் தடை போட்டபோது, வாரம் ஒருநாள் காட்டுக்குள் போய்ப் பச்சைச் சிட்டுகளை எண்ணிவரும் வேலையை அதனால்தான் அவளிடம் கொடுத்தார்கள்.

ஆண், பெண் பிரித்து எழுத வேண்டும். இரண்டும் இலை நிறம். அசையாமல் இருந்தால் கண்ணில் படாது. கழுத்தை நிமிர்த்தும்போது தொண்டை நிறத்தைக் கண்ணால் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆணுக்குத் தொண்டை கறுப்பு. பெண்ணுக்கு மஞ்சள், கண்ணைச் சுற்றியும் மஞ்சள் வளையம். பாட்டுக்காகக் கூண்டில் அடைப்பது ஆணைத்தான்.

நோன்பு மாதம் முடிந்து மூன்று வாரமாக அவள் நோட்டில் ஒரு கறுப்புத் தொண்டைகூட இல்லை. பார்த்த ஏழும் மஞ்சள். ஆணாகப் பார்த்துப் பொறுக்கத் தெரிந்தவன் ஊரில் ஒருவன்தான். அவள் கணவனின் அண்ணன், அவள் ‘காங்’ என்று அழைக்கும் சபுவான். தடைக்கு முன் அதுதான் அவன் பிழைப்பு.

அவன் மூங்கில் குழாயோடு வயலிலிருந்து ஏறி வந்தபோது வழியை மறித்தாள்.

"குழாய்ல என்ன காங்?"

"வெட்டுக்கிளி. கோழிக்கு."

குழாய்க்குள் எட்டிப் பார்த்தாள். "கோழிக்குப் போடுற வெட்டுக்கிளிக்கு யாராவது காலை ஒடிப்பாங்களா? கூண்டுச் சிட்டுக்குத்தான் ஒடிப்பாங்க."

"இன்னைக்கு வெட்டுக்கிளி காலையும் எண்ண வந்துட்டியா? போம்மா!"

அவள் போகவில்லை. பின்னாலேயே அவன் வீட்டுக்கு நடந்தாள். அடுப்படி மூலையில் கைலித் துணியால் மூடிய கூண்டு. ஒரே இழுப்பாக இழுத்தாள். உள்ளே கறுப்புத் தொண்டை.

சபுவான் வாசற்படியில் நின்றுவிட்டான். அவள் குனிந்து பார்த்தாள். பறவையின் கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம். அதைக் கையில் பிடித்து, தேங்காயெண்ணெய் தொட்ட துணியால் தொண்டையை மெல்லத் துடைத்தாள். துணியில் கறுப்பு ஏறியது. அடியில் மஞ்சள்.

"தலைச்சாயம். இது பொட்டை காங்."

அவன் கிட்டே வந்து துணியைப் பார்த்தான். "ஜெம்பர் சந்தைல ஆணுன்னு சொல்லிக் குடுத்தான். இருட்டுல காட்டினான், தொண்டைய மட்டும் பாத்தேன்."

"முப்பது வருஷம் பிடிச்ச கையி. உங்களையே ஏமாத்திட்டானா? நம்பச் சொல்றீங்க?"

"நோன்புல ரெண்டைப் பிடிச்சது நான்தான். வித்துட்டேன். அப்புறம் அருவிப் பக்கம் போனா ஒரு சத்தமில்ல, மிஸ்னாத்தி. ஒண்ணையாவது திருப்பி விடலாம்னு வாங்கினேன்."

"விடுறதுக்கு வாங்கினதை எதுக்கு மூடி வைக்கணும்?"

"கொஞ்சம் தேறட்டும்னு. அதோட உனக்குப் பயந்துதான்."

அவள் கூண்டை ஒரு கையிலும் நோட்டை ஒரு கையிலும் எடுத்துக்கொண்டு, அவனை முன்னால் நடக்கவிட்டு ஊர்த் தலைவர் வீட்டுக்குப் போனாள். அங்கே கூடிய ஊர்க் கூட்டத்தில் சபுவான் எழுந்து எல்லாவற்றையும் சொன்னான். பொட்டையை ஆணென்று வாங்கிய இடம் வந்தபோது ஆட்கள் சிரித்தார்கள். பிடித்ததை ஒப்புக்கொண்டபோதுகூட அவன் அத்தனை கூனிக்குறுகவில்லை. ஒரு வருடம் அவளோடு எண்ணப் போக வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. பறவையை மறுநாள் விடியலில் அருவிக்கரையில் விட்டார்கள்.

இரண்டு மாதம் கழித்து சபுவான் ஒரு கிளையைக் காட்டினான். மஞ்சள் தொண்டையில் மிளகு தூவியதுபோல் நாலைந்து கறுப்புப் புள்ளி.

"இளசு. ஆணு. அடுத்த மழைக்குள்ள முழுசாக் கறுத்திடும்."

மிஸ்னாத்தி வெகுநேரம் பார்த்துவிட்டு ‘ஆண் ஒன்று’ என்று எழுதினாள். பிறகு, அந்த மரம் அவனுக்கும் தெரியுமே, பிடித்துவிடுவானோ என்று தோன்றியது. அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும், அவனிடம் சொல்லாமல் தனியாக வந்து பார்த்தாள். சிட்டு அங்கேயே இருந்தது.