முத்துவடிவு மூட்டிய இரண்டு அடுப்பு

மேலகரம் முத்துவடிவு சிகாகோவில் யூதப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்கு டீச்சர். இதை ஊராருக்கு விளங்க வைப்பதற்குள் அவளுக்குப் பாதி உயிர் போய்விடும்.

"வேதக்காரங்க பள்ளிக்கூடமா?"

"இல்ல, கிறிஸ்தவங்க வேற, இவங்க வேற."

"அப்போ நீ அவங்கள்ல சேந்துட்டியா?"

"நான் அல்ஜீப்ரா சொல்லிக் கொடுக்கேன். அதுக்கு எதுக்குச் சேரணும்?"

அங்கே கோடை விடுமுறை விட்டால் இங்கே சாரல் தொடங்கிவிடும்; அவளும் ஊருக்கு வந்துவிடுவாள். குற்றாலத்தில் அருவி கொட்டுவதற்கு முன்பே இவள் வாய் கொட்டத் தொடங்கிவிடும். எல்லாம் பள்ளிக்கூடப் புராணம்தான். காலை ஜெபத்துக்கு அங்கே ஆளுக்கொரு அறையாம். ஆணும் பெண்ணும் தனித்தனியாக உட்காருகிறவர்களுக்கு ஓர் அறை, சேர்ந்து உட்காருகிறவர்களுக்கு ஓர் அறை, சாமி உண்டா இல்லையா என்று இன்னும் வழக்காடிக்கொண்டிருப்பவர்களுக்கும் ஓர் அறை. மத்தியானம் மட்டும் எல்லாரும் ஒரே கூடத்தில் சாப்பிடுவார்கள். வீட்டில் ஆசாரம் பார்க்காத பிள்ளைகளும் உண்டு. ஆனாலும் ரொம்ப ஆசாரம் பார்க்கிற பிள்ளைக்கு எது ஆகுமோ அதைத்தான் அங்கே சமைப்பார்கள். அப்போதுதான் ஒருத்தரும் பந்தியை விட்டு எழுந்து போகவேண்டி வராது. இந்தக் கதையை மூன்றாம் முறை கேட்டவர்கள் அவளைத் தூரத்தில் கண்டாலே வேறு தெருவில் திரும்பிவிடுவார்கள்.

அவள் வீட்டுப் பந்தி கலைந்து கிடந்தது வேறு விஷயம். போன வருடம் அம்மாவின் முதல் வருடத் திதியான தலைத் தெவசத்துக்குத் தங்கை மீனா தென்காசியிலிருந்து சின்ன வெங்காயக் குழம்பான உள்ளித் தீயல் வைத்துக்கொண்டு வந்தாள். அம்மாவுக்கு அது உயிர். தெவசத்தன்று வீட்டுக்குள் உள்ளி நுழையக் கூடாது என்று அண்ணன் குற்றாலிங்கம் தூக்குவாளியை நடை தாண்ட விடவில்லை. மீனா பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் பஸ் ஏறினாள். அதோடு பேச்சு நின்றது. இந்த வருடமும் தீயல் வெளியே நின்றால் இனி அந்த வாசலையே மிதிக்க மாட்டேன் என்று அக்காவிடம் போனில் சொல்லிவிட்டாள்.

முத்துவடிவுக்கு இது கடினமான கணக்காகப் படவில்லை. மீனாவைத் தேடிப்போய்ப் பள்ளிக்கூடச் சட்டத்தை எடுத்துச் சொன்னாள். மீனா பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"அப்போ எப்பவும் விட்டுக்கொடுக்கது நான்தானா?"

டீச்சர் வந்த வழியே திரும்பினாள். ஊருக்கு உபதேசம் செய்வது சுலபம்.

வீட்டுக்கு வந்து யோசித்தபோது அந்தப் பள்ளிக்கூடச் சமையலறைதான் கைகொடுத்தது. பாலும் இறைச்சியும் சேரக்கூடாது என்று அங்கே எல்லாப் பாத்திரமும் இரண்டிரண்டு, கலந்துவிடாமல் இருக்க நிறம் வேறு. அதையே இங்கேயும் செய்தாள். அடுக்களையில் அண்ணன் சமையலுக்கு ஓர் அடுப்பு, புறவாசலில் மீனாவுக்கு ஓர் அடுப்பு. இந்தக் கரண்டிக்கு நீல நூல், அந்தக் கரண்டிக்குச் சிவப்பு நூல். இரண்டு நாள் மன்றாடியதில் குற்றாலிங்கம் ஒருவழியாகத் தலையாட்டினார். மீனாவும் வந்தாள்.

தெவசத்தன்று குற்றாலத்தில் அய்யரை வைத்துத் தர்ப்பணம் கொடுத்துவிட்டு ஈர வேட்டியோடு வந்து அண்ணன் இலையில் உட்கார்ந்தார். மீனா சற்றுத் தள்ளி உட்கார்ந்தாள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. முத்துவடிவு பரிமாறினாள். சும்மா பரிமாறியிருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே!

"எங்க பள்ளிக்கூடத்துலயும் இப்படித்தான் அண்ணே, கரண்டி மட்டும் மாறவே கூடாது..." என்று சொல்லிக்கொண்டே மீனாவுக்குத் தீயலை ஊற்றினாள். அதே கரண்டியைச் சாம்பாரில் முக்கி அண்ணன் சோற்றிலும் ஊற்றிவிட்டாள்.

"யக்கா! கரண்டி!" என்றாள் மீனா. அவள் பேசாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

முத்துவடிவு கரண்டியைச் சட்டென்று பின்னுக்கு இழுத்தாள். இந்தத் தடவை எழுந்து போகப் போவது அண்ணன் என்று நினைத்தாள். ஆனால் குற்றாலிங்கம் எழவில்லை. சோற்றைப் பிசையத் தொடங்கினார்.

"போன வருசம் நீ பட்டினியாப் போனது இன்னும் எனக்குத் தொண்டையில நிக்குது. அதத் தாங்குனவனுக்கு உள்ளியா எறங்காது?" என்றார், மீனாவைப் பார்க்காமலே.

மீனா எழுந்து வந்து அவர் கையைப் பிடித்தாள். "வேண்டாம்ணே. அம்மாவுக்காக நீங்க இருக்க விரதம் அது. எனக்காக அதைக் கெடுக்காண்டாம்."

"இருக்கட்டும்ட்டி."

"கைய எடுங்கண்ணே."

கொஞ்ச நேரம் அந்த இலைக்காக இரண்டு பேரும் மல்லுக்கட்டினார்கள். கடைசியில் தங்கைதான் ஜெயித்தாள். புது இலை போட்டாள். அடுக்களைக்குப் போய்க் கரண்டி படாத ரசத்தை எடுத்துவந்து அவளே ஊற்றினாள். தன் இலையை அண்ணன் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு தீயலைப் பிசைந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

முத்துவடிவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. "எங்க பள்ளிக்கூடத்துல..." என்று தொடங்கினாள்.

"நீ மொதல்ல உக்காந்து சாப்பிடு" என்றார்கள் இருவரும்.