படிகாரம் போடாத தண்ணீர்

என் வீட்டுக்காரர் செத்த அன்று எனக்கு அழுகை வரவில்லை. பின்பக்கம் டிரம்மில் ஊறிக்கொண்டிருந்த தோல்தான் மனசில் இருந்தது. கல்நெஞ்சக்காரி என்றார்கள். சொல்லிக்கொள்ளட்டும்.

எங்கள் தொழில் ஆட்டுத்தோல். செங்கம் ரோட்டை ஒட்டிய சந்தில் வாடகை வீடு. கறிக்கடையில் தோல் வாங்கி வந்து, முடி உதிராமல் பதப்படுத்தி, தியானத்துக்கு உட்காரும் ஆசனமாக விற்போம். சாமியார்கள் வாங்குவார்கள், வெள்ளைக்காரர்கள் வாங்குவார்கள், கிரிவலத்துக்குக் காரில் வந்து இறங்குகிறவர்களும் வாங்குவார்கள். அதன்மேல் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார்கள். எங்கள் வீட்டில் மட்டும் ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டார்கள். நாற்றமாம்.

வாங்க வருகிற எல்லோருக்கும் ஒரே கேள்விதான். ஆடு தானாகச் செத்ததா, வெட்டியதா? வெட்டிய ஆட்டின் தோலில் உட்கார்ந்தால் பாவமாம். இந்த ஊரில் அத்தனை ஆடு எங்கிருந்து தானாகச் சாகும் என்று ஒருத்தரும் யோசித்ததில்லை. கத்தி பட்ட கழுத்துப் பக்கத்தை அறுத்துப் போட்டுவிட்டு ஓரத்தை வளைவாக வெட்டுவதுதான் எங்கள் முதல் வேலை. பிறகு என் வீட்டுக்காரர் முகம் மாறாமல் சொல்வார்.

"தானா செத்துச்சும்மா. நல்ல சாவு. கடைசி வரைக்கும் சுத்த சைவம். புல்லத் தவிர ஒண்ணுத்தையும் தொடல."

சிரித்துக்கொண்டே வாங்கிப் போவார்கள்.

சவ்வைச் சுரண்டுவது, உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது, முடியைச் சீவுவது என் வேலை. தண்ணீர் அவருடையது. முதலில் உப்புத் தண்ணீரில் ஊறவிடுவார். அப்புறம் படிகாரத்தை வெந்நீரில் கரைத்து ஊற்றுவார். படிகாரம் சேர்ந்தால்தான் முடி தோலில் நிற்கும். அளவெல்லாம் கிடையாது. விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பார், துப்புவார். "கம்மி" என்பார், இல்லையென்றால் "ஜாஸ்தி" என்பார். என்னைக் கிட்டே விடமாட்டார்.

அன்றைக்கு ஒரு கறுப்புத் தோல். முழுக் கறுப்பு, ஒரு வெள்ளை முடி இல்லை. ஆசிரமத்துப் பக்கம் வீடெடுத்துத் தங்கியிருக்கும் வெள்ளைக்காரம்மா சொல்லிவைத்திருந்தார். நான் உப்புத்தாள் வாங்கக் கடைக்குப் போய் வந்தேன். வந்து பார்த்தால் இவர் டிரம்மின் மேல் கவிழ்ந்து கிடந்தார். வலது கை முழங்கை வரை தண்ணீருக்குள், தோலின் மேல். மாரடைப்பு என்றார்கள்.

கூடத்தில் ஐஸ் பெட்டியில் வைத்தார்கள். கழுவியும் அந்தக் கை வெளுத்துச் சுருங்கியே இருந்தது. அவருடைய அக்கா சந்தனத்தை அரைத்து அரைத்துத் தடவினார். சந்தனத்தையும் மீறி ஆட்டு வாடை வந்தது. வந்தவர்களெல்லாம் குனிந்து பார்த்துவிட்டு ஒன்றையே சொன்னார்கள்.

"படுக்கையில கெடந்து நாறாம பூட்டான். நல்ல சாவு."

யார் வாயையாவது கிழிக்க வேண்டும் போல இருந்தது.

கோடை. மறுநாள்தான் எடுப்பார்கள். படிகாரம் போட்டாரா, போடவில்லையா? போட்டிருந்தால் தோல் பிழைக்கும். போடாவிட்டால் இரவுக்குள் முடி கழன்றுவிடும். அவர் கைபட்ட கடைசித் தோல் அழுகிக் குப்பைக்குப் போகக்கூடாது. எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். எழுந்து பின்பக்கம் போனேன்.

விரலை விட்டு நாக்கில் வைத்தேன். அவர் கை கிடந்த தண்ணீர் என்று வைத்த பிறகுதான் தோன்றியது. படிகாரம் என்றால் நாக்கைப் பிடித்து இழுக்கும். இழுக்கவில்லை. வெறும் உப்பு.

திரும்பினால் வாசற்படியில் அவருடைய அக்கா.

"ஏன்டி, பொணம் கூடத்துல கெடக்குது, உனக்கு டிரம்மு கேக்குதா?"

"படிகாரம் போடல அண்ணி. கெட்டுப்பூடும்."

"கெட்டா தூக்கி எறி. தீட்டு வூட்ல அடுப்பு மூட்டுவியா நீ? ஊரு சிரிக்கும்டி."

"சிரிக்கட்டும்."

ஆனால் அடுப்பை மூட்ட எனக்கும் கை வரவில்லை. பிணம் கிடக்கிற வீட்டில் அடுப்பு எரியக்கூடாது. படிகாரமோ வெந்நீர் இல்லாமல் லேசில் கரையாது. குண்டானில் தண்ணீர் பிடித்துப் படிகாரத்தைப் போட்டு எடுத்துக்கொண்டு, பெண்களைத் தாண்டித் தெருவுக்கு வந்தேன். பறையடிக்கிறவர்கள் சுள்ளியைக் கொளுத்திப் பறையைச் சூடு காட்டிக்கொண்டிருந்தார்கள். சூடேறும் தோலின் வாடை எனக்குத் தெரியாததா?

"அண்ணே, இத்த கொஞ்சம் வெச்சிக்கறேன்."

பெரியவர் குண்டானைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார்.

"தோலு ஊறுதா?"

"ஆமா. அவரு பாதியில உட்டுட்டாரு."

அவர் பறையை இழுத்துக்கொண்டு இன்னும் இரண்டு சுள்ளியைத் தள்ளினார். படிகாரம் கரையும் வரை யாரும் அடிக்கவில்லை. ஒரு தெருவே என்னைப் பார்த்தது. சூட்டோடு தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். என் வீட்டுக்காரர் தலைமாட்டைத் தாண்டித்தான் பின்பக்கம் போக வேண்டும். தாண்டும்போது "கம்மி" என்று அவர் குரல் கேட்டது. கேட்டது என்றுதான் சொல்வேன். கொண்டுபோய் டிரம்மில் ஊற்றினேன்.

அடக்கம் முடிந்து தோலை எடுத்துச் சட்டத்தில் ஆணியடித்து நிழலில் வைத்தேன். பிழைத்துக்கொண்டது. காய்ந்ததும் சீப்பு வைத்துச் சீவினேன். நடுமுதுகில் ஓர் இடத்தில் முடி கொத்தாகக் கையோடு வந்தது. உள்ளங்கை அகலம். மற்ற இடத்திலெல்லாம் ஒரு மயிர்கூட அசையவில்லை. அதன்மேல் என் கையை வைத்துப் பார்த்தேன். என் கை சின்னது. இடம் மூடவில்லை.

காரியம் முடிந்து சில நாளில் வெள்ளைக்காரம்மா வந்தார். தலையைக் குனிந்து கும்பிட்டார். நல்ல மனுஷிதான். அவர் பேசும் தமிழும் எனக்குப் புரியும்.

"உங்க வீட்டுக்காரர், ரொம்ப வருத்தம். என் கறுப்பு ஆசனம்?"

விரித்துக் காட்டினேன். தடவினார். பழக்கம் விடவில்லை.

"இது தானா செத்தது?"

"இல்லீங்க. வெட்டுனது. நீங்க எங்ககிட்ட வாங்குனது எல்லாமே வெட்டுனதுதான். தானா செத்தது அவரு ஒருத்தருதான்."

அவர் முகம் வெளுத்தது. விரல் அந்த மொட்டை இடத்தில் நின்றது.

"இங்கே என்ன?"

"அவரு கை கெடந்த எடம்."

கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். செருப்பை மாட்டிக்கொண்டு போனவர்தான், அப்புறம் வரவில்லை. மற்றவர்களுக்கும் சொல்லியிருப்பார். ஆசனம் கேட்டு வருகிறவர்கள் குறைந்துபோனார்கள். இப்போது நான் ஒரு லாட்ஜில் பெருக்கித் துடைக்கிறேன். யாரிடமும் எதற்கும் பொய் சொல்ல வேண்டியதில்லை.

கறுப்புத் தோல் சுவரில் ஆணியில் தொங்குகிறது. "எரிச்சிடு" என்று அவருடைய அக்கா வரும்போதெல்லாம் சொல்கிறார். ஐப்பசி மழை பிடித்தால் அது ஈரம் இழுத்து வியர்க்கும். மொட்டை இடத்தில்தான் முதலில் நீர் கோக்கும். வீடு முழுக்க அவர் கை வாடை. போன மழையில் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். படிகாரம் போட்டவள் நான். துவர்க்க வேண்டும்.

துவர்க்கவில்லை. வெறும் உப்பு.

துப்பாமல் விழுங்கிவிட்டேன்.